சுகாதார ஊழியர்களுக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடும் சட்ட உதவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் தாதியர், இயன்மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளர், மருத்துவர் என்று நம் ஆட்கள் ஏராளமானோர் வேலை பார்க்கிறார்கள். புகார்க் கடிதம் ஒன்று கைக்கு வரும்வரை காப்பீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வந்த பிறகு எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஒப்பந்தமும் பாலிசியும் என்ன சொல்கின்றன என்பதை அந்தத் தாள்களைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவமனையே காப்பீடு எடுத்திருக்கிறது. நான் தனியாக எதற்கு எடுக்க வேண்டும்?

நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை மட்டும் நினைத்தால் உங்கள் கேள்வி நியாயம்தான். ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்த கவனக்குறைவுக்கு முதலாளியும் பொறுப்பு என்பது இங்குள்ள சட்டம். அதனால் சிங்ஹெல்த், தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் குழுமம் போன்ற பெரிய நிறுவனங்களில் நிரந்தர வேலையில் இருக்கும் தாதியின் வீட்டையோ சேமிப்பையோ தேடி நோயாளியின் வழக்கறிஞர் வருவது அரிது. பணம் இருக்கும் இடத்தைத்தான் அவர் பார்ப்பார்.

ஆனால் ஒரு சம்பவம் நீதிமன்றத்தோடு முடிந்துவிடுவதில்லை. நோயாளியோ குடும்பமோ உங்கள் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு எழுதலாம். மருத்துவர் என்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றம், தாதி என்றால் தாதியர் வாரியம், இயன்மருத்துவர், பேச்சு சிகிச்சையாளர், ரேடியோகிராபர் போன்றவர்கள் என்றால் துணை மருத்துவத் தொழில்களுக்கான மன்றம். நோயாளி இறந்திருந்தால் மரண விசாரணை வரலாம். மிகவும் மோசமான நிலையில் போலீஸ் வழக்கும் வரலாம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

இந்த மற்ற இடங்களில் நிற்பது நீங்கள், உங்கள் பெயர், உங்கள் பதிவு. மருத்துவமனையின் காப்பீடு அங்கேயும் உங்களுக்கு வழக்கறிஞர் வைக்குமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. சில இடங்களில் வைக்கும், சில இடங்களில் வைக்காது. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். மருத்துவமனை வைக்கும் வழக்கறிஞரின் கட்சிக்காரர் மருத்துவமனைதான். இரவு ஷிப்டில் ஆள் குறைவு, இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டிய மருந்தை ஒருவரே கொடுக்க நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். "எங்கள் நடைமுறை சரியாகத்தான் இருந்தது, தாதி பின்பற்றவில்லை" என்பது நிறுவனத்தின் தரப்பு. "பின்பற்ற ஆள் எங்கே இருந்தது?" என்பது உங்கள் தரப்பு. இரண்டையும் ஒரே வழக்கறிஞர் பேச முடியாது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் உங்கள் பக்கத்தை மட்டும் பார்க்கும் ஒருவர் உங்களுக்கு வேண்டும்.

தனிக் காப்பீடு எதற்கெல்லாம் பணம் தரும்?

பொதுவாக இழப்பீட்டுத் தொகை, வழக்கறிஞர் கட்டணம், நிபுணர் அறிக்கைச் செலவு ஆகியவற்றுக்குத் தரும். நல்ல பாலிசியில் ஒழுங்கு விசாரணை, மரண விசாரணை ஆகியவற்றுக்கான சட்டச் செலவும் சேர்ந்திருக்கும். வழக்கறிஞர் செலவு மொத்த வரம்புக்குள் அடங்குமா, தனியாகவா என்று பாருங்கள். உள்ளே அடங்கினால் வழக்கு இழுக்க இழுக்க இழப்பீட்டுக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே போகும்.

வேண்டுமென்றே செய்த தீங்கு, பாலியல் முறைகேடு, குடித்துவிட்டு வேலை பார்த்தது, உங்கள் தகுதிக்கு மீறிச் செய்த சிகிச்சை போன்றவற்றுக்கு அநேகமாக எந்தப் பாலிசியும் கை கொடுக்காது. அபராதமும் பொதுவாக உங்கள் பையிலிருந்துதான் போகும். மருத்துவ மன்ற விசாரணையில் ஒரு மருத்துவருக்கு 1,00,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க முடியும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எம்பிஎஸ் போன்ற அமைப்பில் உறுப்பினராவதும் காப்பீடும் ஒன்றா?

இல்லை. மெடிக்கல் புரொடெக்‌ஷன் சொசைட்டி (எம்பிஎஸ்) என்பது பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட, உறுப்பினர்களுக்குச் சொந்தமான அமைப்பு. இங்குள்ள மருத்துவர்கள் பலர் வெகுகாலமாக அதில் இருக்கிறார்கள். அது தரும் உதவி அமைப்பின் விருப்புரிமைக்கு உட்பட்டது. அதாவது உதவி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடுப்பதா என்று முடிவு செய்வது அவர்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி ஒப்பந்தம். அதில் எழுதியிருப்பதைக் கொடுக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள், எழுதாததைக் கொடுக்க மாட்டார்கள். பாலிசியில் இடம்பெறாத வினோதமான சூழ்நிலைக்கு விருப்புரிமை அமைப்பு உதவக்கூடும். எழுத்தில் உறுதி வேண்டும் என்பவருக்குப் பாலிசி நல்லது. எதுவானாலும் விற்கிறவரிடம் இந்த ஒரு வித்தியாசத்தையாவது கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

"கிளெய்ம்ஸ் மேட்", "அக்கரன்ஸ்" என்கிறார்களே, அது என்ன?

சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும் என்பது அக்கரன்ஸ். கோரிக்கை வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும் என்பது கிளெய்ம்ஸ் மேட். 2023ல் ஒருவருக்குத் தோள்பட்டை சிகிச்சை செய்கிறீர்கள். 2024ல் பாலிசியை நிறுத்திவிடுகிறீர்கள். 2026ல் வழக்கறிஞர் கடிதம் வருகிறது. அக்கரன்ஸ் என்றால் காப்பு உண்டு. கிளெய்ம்ஸ் மேட் என்றால், நிறுத்திய பிறகும் தொடரும் நீட்டிப்புக் காப்பு வாங்கியிருந்தால் மட்டுமே உண்டு.

கடிதம் இவ்வளவு தாமதமாக வருமா என்றால், வரும். உடல் காயத்துக்கான வழக்குக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. ஆனால் அது பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்தும் எண்ணப்படலாம். அப்படித் தாமதமாகத் தெரிய வந்தாலும் மொத்தத்தில் 15 ஆண்டு என்ற மேல் வரம்பு இருக்கிறது. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் அது பெரியவராகும்வரை கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. மகப்பேறு மருத்துவர்களின் சந்தா மற்றவர்களைவிட ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளெய்ம்ஸ் மேட் பாலிசியை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, முன்தேதி எது, அதாவது எந்த நாளிலிருந்து நடந்த சம்பவங்களுக்குக் காப்பு உண்டு என்று கட்டாயம் பாருங்கள். புதிய பாலிசி இன்றிலிருந்துதான் என்றால், நேற்றுவரை நீங்கள் பார்த்த நோயாளிகள் யாருக்கும் காப்பு கிடையாது.

புகார்க் கடிதம் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

பதில் எழுதாதீர்கள். அன்றைக்கே காப்பீட்டாளருக்கும் உங்கள் மேலதிகாரிக்கும் தெரியப்படுத்துங்கள். பெரும்பாலான பாலிசிகளில் "தெரிந்தவுடன் சொல்ல வேண்டும்" என்ற நிபந்தனை இருக்கிறது. வழக்கு வரலாம் என்ற வாடை அடித்தாலே சொல்ல வேண்டியிருக்கும். கடிதம் வரும்வரை காத்திருந்தால் தாமதம் என்று மறுக்க இடம் உண்டு.

"என் தப்புதான், நான் செலவைக் கொடுத்துவிடுகிறேன்" என்று குடும்பத்தாரிடம் நீங்களாகச் சொல்வது பாலிசியைப் பாதிக்கலாம். இதைக் கேட்டு நோயாளியிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள் சிலர். அது வேண்டாம். நடந்ததை உள்ளபடி சொல்வதும், வேதனைப்படுகிறவரிடம் ஆறுதலாகப் பேசுவதும் நம் வேலையின் பகுதி. பழி யாருடையது, பணம் யார் கொடுப்பது என்ற இரண்டில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

நடந்ததை நானே விவரமாக எழுதி வைத்துக்கொள்ளலாமா?

எழுதலாம், யாருக்கு எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டு எழுதியது ரகசியமாகக் காக்கப்படும். வாட்ஸ்அப் குழுவில் வார்டு தோழிகளிடம் கொட்டித் தீர்த்ததற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அது நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கலாம்.

நோயாளியின் பதிவேட்டில் கை வைக்காதீர்கள். விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டுமானால், "தாமதமாகச் சேர்த்த குறிப்பு" என்று போட்டு இன்றைய தேதி, நேரத்தோடு சேர்க்க வேண்டும். யார், எப்போது, எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதை மின்பதிவு அமைப்பு பதிந்துவைக்கிறது. வேலைக் காரணம் இல்லாமல், என்ன ஆயிற்று என்று பார்க்கும் ஆவலில் அந்த நோயாளியின் பக்கத்தைத் திறந்தாலே அது தனிக் குற்றச்சாட்டாகும். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் அப்படியே. திருத்திய பதிவைக் காப்பாற்ற எந்த வழக்கறிஞராலும் முடியாது. சுமாராக எழுதிய பதிவை விளக்கிச் சொல்லி நியாயப்படுத்த இடமிருக்கிறது.

தமிழ் பேசும் பாட்டிக்கு மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்குப் பொறுப்பு உண்டா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது நமக்கே உரிய சங்கடம்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் ஆங்கிலத்தில் விளக்குகிறார். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான். வார்டில் நீங்கள் ஒருவர்தான் தமிழ். பாட்டி பயப்படுகிறார், உங்களுக்கோ அவரைப் பார்த்தால் சொந்தப் பாட்டி ஞாபகம். "ஒண்ணும் இல்லை பாட்டி, சின்ன ஆபரேஷன்தான், டாக்டர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிடுகிறீர்கள். மருத்துவர் சொன்னதோ ரத்தக்கசிவு, தொற்று, மறுபடி அறுவை தேவைப்படலாம் என்ற மூன்று ஆபத்துகள். பாட்டி கைநாட்டு வைக்கிறார். பிறகு அவற்றில் ஒன்று நடந்தால், பாட்டிக்கு என்ன சொல்லப்பட்டது என்ற கேள்வி உங்களிடம்தான் வந்து நிற்கும்.

அன்பால் சொன்னதுதான். ஆனால் அந்தப் பாட்டிக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது, அந்த உரிமை உங்கள் வாய் வழியாகத்தான் அவரைச் சேர வேண்டும். ஆபத்துகளை ஒவ்வொன்றாக அப்படியே சொல்லுங்கள். புரிந்ததை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னதை மருத்துவருக்கு ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஆறுதல் அதற்கப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். யார் மொழிபெயர்த்தது, எந்த மொழியில், நோயாளி என்ன கேட்டார் என்று பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். ஒரு சொல்லுக்குத் தமிழ் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் சாதாரண வார்த்தையில் மறுபடி விளக்கச் சொல்லலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சிக்கலான சிகிச்சை என்றால் முறையான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி கேட்கவும் உங்களுக்கு இடமுண்டு.

மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்து "அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்" என்பார்கள். சிங்கப்பூரில், முடிவெடுக்கும் திறன் உள்ள பெரியவருக்காகக் குடும்பத்தார் சம்மதம் கொடுக்க முடியாது. திறன் இழந்தவர் என்றாலும், பிள்ளை என்பதாலேயே அந்த அதிகாரம் வந்துவிடாது. நீடித்த அதிகாரப் பத்திரம் மூலம் நியமிக்கப்பட்டவரா, நீதிமன்றம் நியமித்தவரா என்று பார்க்க வேண்டும். பணிவாக மறுத்து, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லா ஆபத்தையும் சொல்ல வேண்டும் என்றால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமே?

இந்தப் பயம் 2019ல் மருத்துவர்களிடையே தீயாகப் பரவியது. மணிக்கட்டில் ஊசி போடுவதற்கு முன் பக்கவிளைவுகளைச் சொல்லவில்லை என்று ஓர் எலும்பு மருத்துவருக்கு அந்த ஆண்டு ஜனவரியில் 1,00,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அவர் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஜூலையில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நீக்கியது. நெறியிலிருந்து விலகிய எல்லாமே தொழில் முறைகேடு ஆகிவிடாது, அந்த அளவுக்குத் தீவிரம் வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஒப்புக்கொண்ட ஒரு குற்றச்சாட்டு பிறகு முறைகேடே இல்லை என்று ஆனது. தொடக்கத்திலேயே, ஒப்புக்கொள்வதற்கு முன்பே, தகுந்த ஆலோசனை வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

அதன் பிறகு சட்டமும் திருத்தப்பட்டது. குடிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. மருத்துவரின் ஆலோசனை சக மருத்துவர்கள் நியாயம் என்று ஏற்கக்கூடியதா என்பது அளவுகோல். அதே சமயம், அந்த நோயாளியின் நிலையில் இருப்பவர் முடிவெடுக்க நியாயமாக எதிர்பார்க்கும் தகவலும், அவருக்கு முக்கியம் என்று மருத்துவருக்குத் தெரிந்த தகவலும் கணக்கில் வர வேண்டும். வாழ்க்கை முழுதும் வீணை வாசித்தவருக்கு விரல் மரத்துப்போகும் சிறு வாய்ப்புகூட முக்கியம். அவர் வீணை வாசிப்பவர் என்று தெரிந்தால் அதைச் சொல்ல வேண்டும்.

"நான் கணவர் பேசுகிறேன்" என்று போன் வருகிறது. தகவல் கொடுக்கலாமா?

அவர் யார் என்று உறுதி செய்யாமல் கொடுக்கக் கூடாது. கணவர் என்று போனில் சொன்னவரை நம்பி ஒரு மனநல மருத்துவர் எழுதிய குறிப்பு நோயாளியின் சகோதரர் கையில் போய்ச் சேர்ந்தது. அந்த மருத்துவருக்கு 50,000 வெள்ளி அபராதம் விழுந்தது. பிறகு முழு உண்மைகள் தெரிந்து அதுவும் 2019ல் நீக்கப்பட்டது. ஆனாலும் இடையில் அவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். நம் சமூகம் சின்னது, தேக்கா சந்தையில் நோயாளியின் சித்தியைச் சந்தித்தாலும் "நல்லா இருக்காங்களா?" என்ற கேள்விக்கு "அவங்ககிட்டயே கேளுங்க ஆண்டி" என்பதுதான் பதில்.

மரண விசாரணைக்கு அழைப்பு வந்தால் நான் குற்றவாளி என்று அர்த்தமா?

இல்லை. எப்படி, எந்தச் சூழலில் இறப்பு நேர்ந்தது என்று கண்டறிவதுதான் அதன் வேலை. யார்மீதும் பொறுப்பு சுமத்துவது அதன் நோக்கம் இல்லை. ஆனால் அங்கே நீங்கள் சொன்னதை வைத்து வேறு நடவடிக்கை தொடங்கலாம். அதனால் போலீஸ் அதிகாரி வாக்குமூலம் கேட்கும்போதே வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். உண்மையைச் சொல்லக் கடமை உண்டு. உங்களையே குற்றத்தில் சிக்க வைக்கும் விஷயத்தைச் சொல்லக் கட்டாயம் இல்லை. நேரில் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

நான் நிரந்தர ஊழியர் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிறேன், அவ்வப்போது கிளினிக்கில் மாற்று வேலை.

அப்படியானால் இந்தப் பக்கத்தில் வேறு யாரையும்விட உங்களுக்குத்தான் தனிக் காப்பு அவசரம். "முதலாளியும் பொறுப்பு" என்ற குடை ஊழியருக்குத்தான் விரியும், சுயதொழில் செய்பவருக்கு எளிதில் விரியாது. குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ளவர் என்றால், உங்களுக்கு மத்திய சேம நிதி கட்டப்படுகிறதா என்று பாருங்கள். கட்டப்படவில்லை என்றால் நீங்கள் ஒப்பந்தக்காரராகக் கருதப்பட வாய்ப்பு அதிகம். ஆள் அனுப்பும் நிறுவனம் "எல்லாம் கவர் ஆகும்" என்றால், பாலிசியில் உங்கள் தொழிலும் நீங்கள் செய்யும் வேலையும் எழுதியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். குழாய் மாற்றுவது, காயக் கட்டு போடுவது, இன்சுலின் கொடுப்பது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

தைப்பூசத்தில் தொண்டூழியராக முதலுதவி செய்கிறேன். அதற்குக் காப்பு உண்டா?

முதலாளியின் காப்பு பொதுவாக உங்களோடு சிராங்கூன் சாலைக்கு நடந்து வராது. அது வேலை நேரத்தோடும் வேலை இடத்தோடும் கட்டப்பட்டது. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடுவரை காவடியோடு போகிறவர்களுக்கு உதவுவது பெரிய சேவை, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஏற்பாட்டாளர்களிடம் தொண்டூழியர்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் தனிப் பாலிசியில் சேவைப் பணியும், வழியில் மயங்கி விழுந்தவருக்குச் செய்யும் அவசர உதவியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இருக்கும்.

ஊரிலிருந்து மாமா வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பி மருந்து கேட்கிறார். சொல்லலாமா?

ரிப்போர்ட்டில் உள்ளதைப் புரியும்படி விளக்குங்கள், அங்குள்ள மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். மருந்தின் பெயரும் அளவும் சொல்ல வேண்டாம். நீங்கள் பதிவு பெற்றது சிங்கப்பூரில், பாலிசியும் பெரும்பாலும் சிங்கப்பூருக்குள்தான்.

நோயாளியின் உறவினர் மிரட்டுகிறார், வீடியோ எடுக்கிறார். அதுவும் காப்பீட்டில் வருமா?

அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. 2014ல் வந்த தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் 6ஆம் பிரிவு பொதுச் சேவை ஊழியர்களை வேலை நேரத்தில் மிரட்டுவதையும் இழிவாகப் பேசுவதையும் குற்றமாக்குகிறது. பொது மருத்துவமனை ஊழியர்களுக்கும் அது பொருந்தும். 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உடனே மேலதிகாரியிடம் சொல்லி, சம்பவ அறிக்கை எழுதுங்கள். "பாவம், அவர் அம்மா உள்ளே இருக்கிறார்" என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். அவருடைய துயரம் உண்மைதான், ஆனால் அடுத்த ஷிப்டில் வரும் தங்கைக்கும் அதே கதிதானே.

என்னிடம் காப்பீடு இல்லை, வழக்கறிஞர் வைக்க வசதியும் இல்லை. எங்கே போவது?

சுகாதாரச் சேவை ஊழியர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் முதலில் அங்கே போங்கள். வேலை இடத்து விசாரணையில் உடன் வர அவர்களால் முடியுமா என்று கேளுங்கள். சட்ட உதவிப் பிரிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வருமானச் சோதனையோடு சிவில் வழக்குகளில் உதவுகிறது. புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை மையங்களில் வழக்கறிஞர் ஒருவரோடு கொஞ்ச நேரம் பேசி, நிலைமை எவ்வளவு தீவிரம் என்றாவது தெரிந்துகொள்ளலாம். நோயாளிக்கும் உங்களுக்கும் இடையே பேசித் தீரும் விஷயம் என்றால், சமரசப் பேச்சு பெரும்பாலும் வழக்கைவிடச் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு.

நான் வேலை அனுமதியில் இருக்கும் தாதி. புகார் வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?

புகார் வந்ததாலேயே அனுமதி ரத்தாவதில்லை. ஆனால் உங்கள் அனுமதி வேலையோடும், வேலை தாதியர் வாரியத்தின் பதிவோடும் பிணைந்திருக்கிறது. பதிவு இடைநிறுத்தப்பட்டால் மற்றவையும் ஆட்டம் காணும். இந்தப் பயத்தில்தான் பலர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், ராஜினாமாக் கடிதம்கூட. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். "படித்துப் பார்க்க இரண்டு நாள் வேண்டும்" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ராஜினாமா செய்தாலும் வாரியத்தின் விசாரணை தானாக நின்றுவிடாது.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிறேன். பாலிசியை நிறுத்திவிடலாமா?

அக்கரன்ஸ் பாலிசி என்றால் நிறுத்தலாம், பத்திரத்தை மட்டும் தொலைக்காதீர்கள். கிளெய்ம்ஸ் மேட் என்றால் நீட்டிப்புக் காப்பு எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், விலை என்ன என்று கேளுங்கள். ஓய்வு பெறுபவர்களுக்குச் சில நிறுவனங்கள் சலுகை தருகின்றன. முதலாளியின் காப்பு, நீங்கள் வேலையை விட்ட பிறகு வரும் கோரிக்கைக்கும் உங்களுக்குத் துணை நிற்குமா என்று மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அலுவலக மின்னஞ்சல் கடைசி நாளோடு மூடிவிடும்.